ஒன்பதாம் வகுப்பு வாசலில் நம் பிள்ளைகள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாலை வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ் இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று ஒரு வகுப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒன்பதாம் வகுப்பு. சங்கக் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பேச்சு எதற்கு என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் ராஜ்யத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பமாகிறது. நம்மில் வயதானவர்கள் இதை "நாலாவது பாரம்" என்று சொல்வார்கள். எட்டு வரை இருப்பது நடுநிலைப் பள்ளி. அது பெரும்பாலும் நம் ஊரிலேயே, அல்லது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உபாத்தியாயருக்கு நம்மைத் தெரியும். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளை அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். புதுப் பள்ளிக்கூடம், புது உபாத்தியாயர்கள், பாடத்துக்கு ஓர் ஆள். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் தோற்றவனைப் பற்றி ஊர் பேசும். எட்டு முடித்து ஒன்பதில் சேராதவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. காணாமல் போனான், அவ்வளவுதான்.

இரண்டு சட்டங்களும் ஒரு வாசலும்

2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி என்று சொல்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் சட்டம் கை கொடுப்பதில்லை. நம் ராஜ்யத்தில் சர்க்கார் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கலாம், பாடப் புத்தகம் இலவசம் என்பது உண்மை. ஆனால் அது சர்க்கார் கொள்கை. உரிமை வேறு, கொள்கை வேறு; கொள்கையை அடுத்து வருகிற மந்திரி மாற்றலாம்.

இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தினார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் ஈடுபடுத்தலாம் என்று ஒரு சந்தும் வைத்தார்கள். 14 முதல் 18 வரையுள்ளவர்களுக்கோ ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிட்டவற்றில் மட்டுமே தடை. மற்ற வேலைகளுக்குப் போகலாம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடச் சட்டம் கையை விடுகிற அதே வயதில் வேலைக்களத்துச் சட்டம் கதவைத் திறந்துவிடுகிறது. 14 வயது. எட்டாம் வகுப்பு முடிகிற வயது. தரகன் நம் தெருவுக்கு எந்த மாதத்தில் வருகிறான்? மே மாதத்தில்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களின் நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகளை "மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்" என்று சொல்லி அழைத்துப் போன சுமங்கலித் திட்டத்தின் கதை இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹாஸ்டலில் அடைத்து, கூலியைப் பிடித்து வைத்து, காலம் முடிவதற்குள் உடம்பு கெட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

ஆகவே தான் சொல்கிறோம்: ஒன்பதாம் வகுப்பு நம் சங்கத்துச் சமாசாரம். 15 வயதுப் பிள்ளை ஷிப்டுக்கு வரும்போது அவன் தன் படிப்பை மட்டும் இழக்கவில்லை. பக்கத்து மிஷினில் நிற்கும் பெரியவரின் கூலியையும் கீழே இழுக்கிறான். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும்.

அங்கே என்ன படிக்கிறார்கள்?

"ஒன்பதாம் வகுப்பில் அப்படி என்ன இருக்கிறது? எழுதப் படிக்க எட்டே போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பிள்ளையை அனுப்புகிறோம், பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை. இன்று திறந்து பார்ப்போம்.

ஐந்து பாடங்கள். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, விஞ்ஞானம், சமூக அறிவியல். சமூக அறிவியலுக்குள் சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம் நான்கும் அடக்கம். இவற்றில் எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்பதில் கிடையாது, எல்லோருக்கும் எல்லாம். இதை ஒரு குறையாகச் சிலர் சொல்வார்கள். குறையல்ல, பெரிய பேறு. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. எட்டு வரை வந்தது பெரும்பாலும் கூட்டல், பெருக்கல், வட்டி, சதவிகிதம், கொஞ்சம் எழுத்துக் கணக்கு. ஒன்பதில் கணக்கின் முகமே மாறுகிறது. எழுத்துக் கணக்கு வளர்ந்து சமன்பாடாகிறது. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுகிறார்கள். முக்கோணத்தின் கோணத்தைக் கொண்டு எட்டாத உயரத்தை அளக்க வழி சொல்லும் திரிகோணமிதி இங்கேதான் முதலில் வருகிறது. புள்ளியியல், நிகழ்தகவு என்பவையும் உண்டு. இவை படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

வயலில் ஒப்பந்த நடவு எடுக்கிறோம். சென்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. வயல் முக்கோணமாகக் கிடக்கிறது. நாம் வரப்பைச் சுற்றிக் கயிறு பிடிக்கிறோம்: ஒரு பக்கம் 130 அடி, ஒரு பக்கம் 140 அடி, ஒரு பக்கம் 150 அடி. மிராசுதாரின் ஆள் "16 சென்டு" என்கிறார். அவர் சொன்னதுதான் கணக்கு. உயரம் தெரியாமல் முக்கோணத்தை எப்படி அளப்பது? ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஹெரான் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கு: 210. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழி: 80, 70, 60. இந்த நாலு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி வர்க்கமூலம் எடு: 8,400 சதுர அடி. ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் 19 சென்டுக்கும் மேலே வருகிறது. மூன்று சென்டு நடவுக் கூலியை வரப்பிலேயே விழுங்கிவிட்டார்கள்! ஒரு வயலில் மூன்று சென்டு என்றால் ஒரு போகத்தில் எவ்வளவு, ஊர் முழுவதும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 14 வயதுப் பெண் ஒருத்தி தாளும் பென்சிலும் கொண்டு இதைப் போட்டுக் காட்டினால், மேஸ்திரி அடுத்த வயலில் வாயைத் திறப்பதற்கு முன் யோசிப்பார்.

ஆலைக்கு வாருங்கள். 40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல் என்று தினமும் சொல்கிறோம். அந்த நம்பர் எங்கிருந்து வந்தது? 840 கெஜ நீளமுள்ள சிட்டம் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. அதே எடையை நூற்க மிஷின் அதிக நேரம் ஓட வேண்டும். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் இந்த எதிர்விகிதத்தைச் சமன்பாடாக எழுதி, வரைபடத்தில் கோடாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவனிடம், "போன மாதம் 200 கிலோ எடுத்தாய், இந்த மாதம் ஏன் 140?" என்று சூப்பர்வைசர் மிரட்ட முடியாது. "நம்பரை மாற்றினது யார் ஐயா?" என்று அவன் திருப்பிக் கேட்பான். வேலைப்பளு பற்றிய பேச்சுவார்த்தைக்கு நம் பிரதிநிதிகள் போகும்போது எதிர்த்தரப்பில் கணக்குப் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

விஞ்ஞானப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அளவீடு, இயக்கம், மின்னோட்டம், காந்தம், வெப்பம், ஒலி. அணுவின் அமைப்பு, தனிமங்களின் அட்டவணை, அமிலமும் காரமும். தாவரங்களின் திசுக்கள், நுண்ணுயிர்கள், ஊட்டச்சத்து. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதை அமிலமும் காரமும் படித்த பிள்ளை புரிந்துகொள்வான். கார்டிங்கில் பறக்கும் பஞ்சுத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்து மூச்சுத் திணற வைக்கும் நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். அது "பனிக்காலத்து இழுப்பு" அல்ல, தொழில் நோய். நஷ்ட ஈடு பெறத் தக்கது. மூச்சு என்றால் என்ன, நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவன் டாக்டரிடம் கேட்கும் கேள்வியே வேறு.

சரித்திரத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 2018-ல் வெளிவந்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் "புரட்சிகளின் காலம்" என்று ஒரு பாடம், "தொழிற்புரட்சி" என்று ஒரு பாடம், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனி ஆதிக்கம் பற்றி ஒரு பாடம். இதைப் படிக்கிற பிள்ளை அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் முதன்முதலாகச் சந்திக்கிறான். ஆர்க்ரைட்டின் நூற்பு மிஷின் 1769-ல் உரிமம் பெற்றது, கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785-ல் வந்தது என்பதெல்லாம் பரீட்சைக்கு வரும். ஆனால் அந்த மிஷின்களுக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பொறுக்கியவர்கள் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் என்பதை வீட்டில் நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் 1833-ல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 9 வயதுக்குட்பட்டவர்களைப் பஞ்சாலையில் வைக்கக் கூடாது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றது. முதலாளிமார் என்ன செய்தார்கள்? யாரையாவது "உபாத்தியாயர்" என்று பிடித்து, பிள்ளை பள்ளிக்கு வந்ததாகச் சான்றிதழ் வாங்கினார்கள். அந்த உபாத்தியாயர்களில் சிலருக்கே கையெழுத்துப் போடத் தெரியாது. பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். 1867-ல் வெளியான "மூலதனம்" முதல் பாகத்தில் மார்க்ஸ் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைக் கொண்டே இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ற சட்டமே பஞ்சாலையை ஒட்டித்தான் பிறந்தது, தோழர்களே! நம் கோவையில் 1888-ல் முதல் ஆலை எழுந்த நாளிலிருந்து சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் 1946 ஜனவரி 8-ல் தூக்குமேடை ஏறியது வரையிலான கதையும் இந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பொருளாதாரத்தில் வேலைவாய்ப்பு, பணமும் கடனும், தமிழ்நாட்டு விவசாயம், இடம்பெயர்தல் ஆகிய பாடங்கள். குடிமையியலில் தேர்தல், மனித உரிமைகள், உள்ளாட்சி. அமைப்புசார்ந்த தொழில், அமைப்புசாராத் தொழில் என்ற பாகுபாட்டைப் பிள்ளை ஒன்பதில் படிக்கிறான். அப்பாவின் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்புநிதிக்கு 12 சதவிகிதம், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவிகிதம் பிடிக்கிறார்களே, முதலாளி தன் பங்கைக் கட்டினாரா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். பாடமும் மனத்தில் நிற்கும். சில வீடுகளில் சங்கத்துக்கு ஒரு வழக்கும் கிடைக்கும்.

தமிழும் இங்கிலீஷும் பற்றி ஒன்றே ஒன்று. 1968 ஜனவரியில் சட்டசபை இயற்றிய தீர்மானத்தின்படி நம் பள்ளிகளில் இவ்விரண்டு மொழிகளே. வீட்டுப் பேச்சில் விஞ்ஞானத்தையும் கணக்கையும் படிப்பதே பிள்ளைக்குப் புரியும் வழி என்பது நம் துணிவு. அதற்காக இங்கிலீஷை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆலை வாசலில் ஒட்டுகிற நோட்டீசும், கோர்ட்டுத் தீர்ப்பும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் வருகின்றன. நம் கையில் ஒரு கருவியாக அது இருக்கட்டும். கும்பிடுவதற்கு அது சாமியல்ல.

எல்லோருக்கும் ஒரே பாடம் எப்படி வந்தது?

பாடத்தைப் பிரிக்காதது பெரிய பேறு என்று முன்னே சொன்னோம். ஏனென்று பாருங்கள்.

1940-களின் கடைசியில் சென்னை ராஜ்யத்து உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பைக் கிளை பிரித்தார்கள். காரியதரிசி வேலை, எஞ்ஜினீயரிங், விவசாயம் என்று வேறு வேறு வரிசைகள். 1952-53-ல் டாக்டர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த கமிஷன் ஏழு கிளைகள் கொண்ட பலநோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. அந்நாளைய எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கே இரண்டு வகை: பொதுக் கணிதம், காம்போசிட் கணிதம். பொதுக் கணிதம் சுலபமானது. அதை எடுத்தவர்களுக்கு எஞ்ஜினீயரிங் பக்கம் போகும் வழி ஏறக்குறைய அடைபட்டது. யார் பொதுக் கணிதத்துக்கு அனுப்பப்பட்டார்கள்? பெண்களும், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத நம் பிள்ளைகளும். 14 வயதில் தலையெழுத்தைப் பிரித்து எழுதிய பேனா அது.

ஆரம்பப் பள்ளியிலேயே அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது; மற்ற நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. வண்ணான் மகன் வெளுக்கட்டும், செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். குலக் கல்வி என்று ஜனங்கள் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்கள். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். ராஜாஜி பதவியை விட்டார். 1954-ல் காமராஜ் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது.

பிறகு 1964-66-ல் கோத்தாரி கமிஷன் ஒரு நல்ல காரியத்தைச் சொன்னது: பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் பொதுவான படிப்பு, கணக்கும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயம், கிளை பிரிப்பது அதற்கப்பால். 1978-ல் நம் ராஜ்யத்தில் பிளஸ் டூ முறை வந்தது. அதன்பின் பிரிவு தேர்ந்தெடுப்பது பதினொன்றாம் வகுப்புக்குத் தள்ளிப் போயிற்று. 2010-ல் ஆரம்பித்த சமச்சீர்க் கல்வி அதுவரை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு ஒன்று, சர்க்கார் பள்ளிக்கு ஒன்று என்று நாலு வகையாகக் கிடந்த பாடத் திட்டத்தை ஒன்றாக்கிற்று. 2011-ல் வந்த புதிய சர்க்கார் அதை நிறுத்தி வைக்கப் பார்த்தது. ஆகஸ்ட் 9-ல் சுப்ரீம் கோர்ட்டு "அமல் செய்" என்றது. மாணவர்களும் பெற்றோர்களும் தெருவில் நின்று பெற்ற வெற்றி அது. மிராசுதார் மகனும் அவர் வயலில் நடவு நடுபவள் மகளும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஹெரான் சூத்திரத்தைப் படிக்கிறார்கள் என்றால், அது தானாக விளைந்ததல்ல.

இப்போது மறுபடியும் பிரிக்கும் பேச்சு. மத்திய சர்க்காரின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் பழக்கம் என்கிறது; ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பாடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளும் சுதந்திரம் என்கிறது. சுதந்திரம் என்ற சொல் கேட்க இனிக்கிறது. டியூஷன் வைக்கப் பணமும், வழிகாட்டப் படித்த மாமனும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சுதந்திரம். ஒரே ஒரு கணக்கு வாத்தியார், அவரும் மாற்றலாகிப் போய்விட்ட கிராமப் பள்ளியில் அது என்ன? "உனக்குக் கணக்கு வராது, தையல் எடுத்துக்கொள்" என்பதுதான். இதற்கு இணங்கவில்லை என்பதற்காக 2024-25-ல் நம் ராஜ்யத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்ததையும் பார்த்தோம். நம் வரிப் பணம்தானே அது?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கைத்தொழிலைப் பள்ளியில் கற்பிப்பதைக் கம்யூனிஸ்டுகள் எதிர்க்கவில்லை. உழைப்பை இழிவாக நினைப்பவர்களா நாம்? கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை 1848-லேயே எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வி, கல்வியோடு உற்பத்தியை இணைத்தல் இரண்டையும் சேர்த்தே கேட்டது. 1866-ல் ஜெனீவாவில் கூடிய முதல் அகிலத்தின் மாநாட்டுக்கு மார்க்ஸ் எழுதிய குறிப்பில் மூளைக் கல்வி, உடற்பயிற்சி, தொழில் நுட்பப் பயிற்சி மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் சேர்ந்தே வேண்டும் என்றார். கலெக்டர் மகனும் வெல்டிங் பிடிக்கட்டும், நம் மகளும் திரிகோணமிதி படிக்கட்டும், அதை வரவேற்போம். ஒருவருக்குத் திரிகோணமிதி, இன்னொருவருக்கு வெல்டிங் மட்டும் என்றால் அது புதுச் சட்டை போட்ட 1953. வெல்டிங் ஐ.டி.ஐ.யில் எட்டு முடித்தவனுக்கும் இடம் உண்டு. ஆனால் பிட்டர், எலக்ட்ரீஷியன் வேலைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் படித்துப் பத்து தேறியிருக்க வேண்டும். பாலிடெக்னிக்குக்கும் பத்து வேண்டும். தொழில் கற்கவே ஒன்பதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

வடிகட்டும் வேலை

எட்டு வரை நம் ராஜ்யத்தில் பிள்ளையைப் பெயிலாக்குவதில்லை. ஒன்பதில் ஆக்கலாம். பத்தாம் வகுப்பில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று தட்டி கட்டி விளம்பரம் செய்ய விரும்பும் பள்ளிக்கூடங்கள் என்ன செய்கின்றன? தேறமாட்டான் என்று சந்தேகப்படுகிற பிள்ளையை ஒன்பதிலேயே நிறுத்துகின்றன, அல்லது பெற்றோரைக் கூப்பிட்டு "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்கின்றன. தட்டி பளபளக்கிறது, பிள்ளை செங்கல் சூளையில் நிற்கிறான். இன்னொரு தந்திரம்: ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அரைகுறையாக ஓட்டிவிட்டு, அந்த ஆண்டிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பது. பிளஸ் ஒன்னிலும் இதேதான் நடந்தது. அதைத் தடுக்கவே 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் அதை எடுத்துவிட்டார்கள். அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பினால் நம் வீட்டுக் கொத்தனாரே ஒப்பமாட்டார்.

சாதிக் கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. நடுநிலைப் பள்ளி சேரியை ஒட்டி இருந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பாதை ஊர்த் தெரு வழியாகப் போகிறது. கையில் கலர்க் கயிறு கட்டி யார் யார் என்ன சாதி என்று அடையாளம் போடும் பள்ளிகள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த தலித் மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் கமிட்டி அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கமிட்டி அறிக்கை பீரோவில் தூங்கக் கூடாது. தஞ்சை ஜில்லாவில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழிக்க சீனிவாசராவ் காலத்தில் செங்கொடி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து புத்தகப் பையோடு நடக்க வேண்டும். ஒருவன் மட்டும் போனால் பயம். பத்துப் பேர் சேர்ந்து போனால் அது ஊர்வலம்.

சரி, செய்ய வேண்டிய காரியங்களுக்கு வருவோம்.

ஒவ்வொரு கிளையும் ஏப்ரலில் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். தெருவில் எட்டு முடிக்கிற பிள்ளைகள் யார் யார், அவர்கள் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், எத்தனை மைல், பஸ் எத்தனை மணிக்கு, இவற்றை எழுதுங்கள். பள்ளி மணிக்கும் பஸ் மணிக்கும் பொருந்தாத இடங்களில் டெப்போ மானேஜரிடம் கூட்டாகப் போய் மனுக் கொடுங்கள். இலவச பஸ் பாஸ் இருந்து என்ன, பஸ் வராவிட்டால்? ஜூன் முதல் வாரத்தில் நோட்டை மறுபடி எடுத்துச் சேராதவர்கள் வீட்டுக்குப் போங்கள். காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்: சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, ஆதாரில் பெயர் தப்பு, பாங்கிக் கணக்கு இல்லை. சீருடையும் ஒரு காரணம். எட்டு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்குச் சீருடை இலவசம். ஒன்பதில் சொந்தக் காசில் தைக்க வேண்டும். பள்ளி திறக்கும் மாதம் வயலில் வேலையில்லாத மாதம். சங்க நிதியிலிருந்து இதற்குக் கடன் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு என்பதைச் சில வீடுகளில் சொல்லித்தான் தெரிகிறது, அதையும் சொல்லுங்கள்.

மே மாதம் தெருவுக்கு வரும் தரகன் யார், எந்த ஆலைக்கு ஆள் பிடிக்கிறான் என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

உதவித் தொகை பற்றிச் சொல்லி முடிக்கிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும்போதே எழுதுகிற தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பாங்கியில் வந்து விழும். ஒன்பதில் சேர்ந்த கிராமப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு தனியாக உண்டு. ஒன்பது, பத்தில் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு வேறு உதவித் தொகையும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் தலைமை ஆசிரியர் மூலம் போக வேண்டும். கடைசித் தேதி கழிந்த பிறகு போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எட்டாம் வகுப்பில் பிள்ளை உள்ளவர்கள் நாளைக் காலையிலேயே பள்ளிக்கூடம் போய்த் தேதியைக் கேட்டு வாருங்கள். முதல் ஷிப்டுக்காரர்களுக்காக அவர்கள் வீட்டுப் பெண்கள் போகட்டும்.